ஜிம்முக்குக் கட்டப் பணம் இல்லாதவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் பலர், அந்தத் தீர்மானத்தின் சூடு ஆறுவதற்குள் ஏதாவது ஒன்றை வாங்கிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும், மாதக் கட்டணத்தைவிட ஆண்டுக் கட்டணம் மலிவு என்று கணக்குப் போட்டு, ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினேன். போனது 11 நாள். கூடத்தின் மீது குறை சொல்ல எதுவும் இல்லை; எந்த நேரத்தில் போவது, போகும் நாளில் சமையலை யார் பார்ப்பது, திரும்பி வந்து எத்தனை மணிக்குப் பேருந்தைப் பிடிப்பது என்ற எதையும் யோசிக்காமல் பணத்தை முதலில் கொடுத்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் செலவு கடைசியில்தான் வரும். தமிழ்நாட்டின் நகரங்களில், ஓர் அறையோ இரண்டு அறையோ உள்ள வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு ஜோடி ஷூவைத் தவிர வேறு எதற்கும் காசு எடுக்காமல் தொடங்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எவ்வளவு செய்தால் போதும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயதுவந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான வேகத்திலோ உடலை இயக்க வேண்டும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 150 நிமிடம் என்பது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். இந்த அரைமணி ஒரே மூச்சில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முந்தைய, அதாவது 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில், தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். காலையில் பேருந்து நிறுத்தத்துக்கு விரைந்து நடக்கும் எட்டு நிமிடம், மதியம் அலுவலகப் படிக்கட்டில் மூன்று நிமிடம், மாலையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்கும் 15 நிமிடம், எல்லாம் சேர்த்தியே. நகரச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கும் பெண்களுக்கு, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினால் டிக்கெட் காசு வீணாகிறதே என்ற உறுத்தல்கூட இருக்காது.

மிதமான வேகம் என்பதை அறிய கைக்கடிகாரக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம். இன்னொரு வழியும் உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைப்பது பெரும்பாலானவர்களுக்கு மிதமான வேகமாக அமையும். எனவே 15 விநாடிக்கு உங்கள் காலடிகளை எண்ணுங்கள், 25 வந்தால் சரியாக நடக்கிறீர்கள். நாளொன்றுக்கு 10,000 அடி என்ற புகழ்பெற்ற எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது.

வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா என்று பல பெண்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தண்ணீர்க் குடம் சுமப்பதும், குனிந்து தரை துடைப்பதும், வாளியில் ஊறவைத்த துணியை அடித்துத் துவைப்பதும் உழைப்புத்தான். அவற்றையும் மேற்சொன்ன நிமிடக் கணக்கில் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் அடுப்பின் முன் நாள் முழுக்க நிற்பது கால்களைச் சோர்வாக்குமே ஒழிய, மூச்சையும் இதயத் துடிப்பையும் உயர்த்தாது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. நாள் முழுக்க நின்றவருக்கு மேலும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வதைவிட, அந்த நிற்கும் வேலையில் பாதியை வீட்டில் இருக்கும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வதுதான் முதலில் நடக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

தொடங்கும் முன் ஒரு சோதனை

நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்களும், படியேறும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்திருப்பவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். இதற்கும் செலவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், நகரங்களில் உள்ள நகர்ப்புற சுகாதார நிலையங்களிலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பார்க்கும் பணியாளர்களும் இருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வருபவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை ஒரு சிறு பொட்டலமாக மடித்து வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டினால் அதை உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

உங்கள் கால்களின் வலு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். கை இல்லாத, நகராத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முதியவர்களைச் சோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் முறை இது. 60 முதல் 64 வயது வரை உள்ள ஆண் 14 முறைக்குக் குறைவாகவும், பெண் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே இருப்பதாகக் கொள்வார்கள். முப்பது வயதில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணைத் தொடத் திணறினால், நடையோடு கீழே சொல்லப்போகும் வலுப் பயிற்சியையும் முதல் வாரத்திலிருந்தே செய்ய வேண்டும். வந்த எண்ணைக் குறித்துவையுங்கள். எடை பார்க்கும் கருவி வாங்குவதைவிட, மாதம் ஒருமுறை இந்த எண்ணைப் பார்ப்பது மேல். எடை அசையாத மாதத்திலும் இது ஏறியிருக்கும்.

நேரத்தையும் இடத்தையும் கட்டிவைத்தல்

காலையா மாலையா என்பதைப் பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு. உங்கள் வீட்டில் தண்ணீர் எப்போது வருகிறது, பிள்ளைகள் எப்போது பள்ளிக்குக் கிளம்புகிறார்கள், வேலை முறை மாறி மாறி வருகிறதா என்பவைதாம் அதை முடிவுசெய்யும். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு பயிற்சியை ஒட்டவைப்பது நல்லது: பால் வாங்கப் போகும் நடை, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழி, மாடியில் துணி காயப்போடும் நேரம். பாக்கெட் பாலை வீட்டு வாசலில் போடச் சொல்லாமல் கடைவரை போய் வாங்கிவந்தால், நாளொன்றுக்குப் பத்து நிமிட நடை தானாகவே கிடைக்கும். போட்டுத் தருவதற்கான கூலியும் மிச்சம்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சென்னையில் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, தியாகராய நகர் நடேசன் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா ஆகியவற்றில் விடியற்காலையிலேயே நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்துவிடும். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் வாசல் பலகையில் எழுதியிருக்கும். மதிய வேளையில் மூடிவைக்கும் பூங்காக்களும் உண்டு என்பதால் முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். சில பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும். அவற்றில் இடுப்பைச் சுழற்றும் தட்டும் காலை ஊஞ்சல்போல ஆட்டும் கருவியும் விளையாட்டுக்கு நன்றாக இருந்தாலும் அவற்றால் வலு பெரிதாக ஏறாது. உடலைக் கையால் இழுத்து உயர்த்தும் கம்பி இருந்தால் அதைத்தான் தேடிப் போக வேண்டும். மாநில அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது; புதிதாகத் தொடங்குபவர் அந்த முழுத் தூரத்தையும் நடக்க முயல வேண்டியதில்லை, நிழலும் தளமும் சரியாக உள்ள ஒரு கிலோமீட்டரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டால் போதும்.

வெளியே போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள மாடியின் ஓரமாக ஒரு சுற்று வந்தால் 140 அடி, அதாவது ஏறத்தாழ 43 மீட்டர். 24 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டரை எட்டிவிடலாம். சுற்றுகளை எண்ண 24 புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகலாம். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றாவிட்டால் ஒரே பக்க முழங்காலுக்குத் திருப்பத்தின் சுமை ஏறும்.

இடம் இன்னும் சிறியதாக இருந்தால் தரையில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன்மேல் நடக்கலாம். எட்டு நடையைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படும் மகிமைகள் ஏராளம். அவற்றில் பலவற்றை நான் நம்புவதில்லை. ஆனால் சின்ன இடத்தில் வட்டமாகச் சுற்றினால் வரும் தலைசுற்றல் இதில் வராது, இரு பக்கமும் மாறிமாறித் திரும்புவதால் சமநிலையும் பழகும். பூங்காக்களில் பதித்திருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பதைச் சர்க்கரை நோயாளிகள் அடியோடு தவிர்க்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், கல் குத்திய புண்ணே தெரியாமல் போய்விடும்.

முதல் ஆறு வார நடை

முதல் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 10 நிமிடம் மட்டும். இது மிகக் குறைவாகத் தோன்றும், தோன்றட்டும். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரம் 15 நிமிடம், மூன்றாம் வாரமும் அதே 15 நிமிடத்தைச் சற்று விரைவாக, நான்காம் வாரம் 20, ஐந்தாம் வாரம் 25, ஆறாம் வாரம் 30 என்று போனால் ஒன்றரை மாதத்தில் பரிந்துரைத்த அளவுக்கு வந்துவிடுவீர்கள். முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். உடலைச் சூடாக்கவும் ஆறவைக்கவும் வேறு சடங்கு தேவையில்லை.

அரைமணி நடை பழகிய பிறகு, நேரத்தைக் கூட்டாமல் கடினத்தைக் கூட்டலாம். இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மூச்சு வாங்கும் வேகத்திலும் அடுத்த இரண்டை இயல்பாகவும் கடப்பது ஒரு வழி. படிக்கட்டு இன்னொரு வழி: மூன்று மாடிக் குடியிருப்பில் மேலே ஏறி இறங்குவதை நான்கு முறை செய்து பாருங்கள், டிரெட்மில் எதற்கு என்று தோன்றும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தொல்லை. அவர்கள் ஏறிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்க வேண்டும், மின்தூக்கி இருந்தால் இறங்குவதற்கு அதைப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பதே பாதுகாப்பு. இருட்டில் வெளிர் நிறச் சட்டை அணிய வேண்டும். காதில் மாட்டும் பாட்டுக் கருவியைச் சாலையில் தவிர்த்துவிடுங்கள், குறைந்தது ஒரு காதிலாவது.

தெருநாய்களைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர் நடையைப் பற்றி எழுத முடியாது. விடியற்காலையில் தெரு அவற்றுடையது. குரைக்கும் நாயைக் கண்டு ஓடக் கூடாது. நின்று, கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் மெல்ல விலக வேண்டும். ஒரு குடையோ கைத்தடியோ கையில் இருந்தால் தைரியம். கடித்துவிட்டால், கீறல் சிறியதுதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம், சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

ஷூ: செலவழிக்க வேண்டிய ஒரே இடம்

முதல் இரண்டு வாரம், பின்பட்டை உள்ள பழைய செருப்பில் நடந்தாலும் குடி முழுகிவிடாது. நடை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஜோடி ஷூ வாங்கலாம். ரப்பர் செருப்பில் விரைவாக நடக்கும்போது, அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டே இருக்கும். பாதமும் கெண்டைக்காலும் வலிப்பதற்கு அது ஒரு காரணம்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய ஷூ மாலையில் கடிக்கும். நடக்கும்போது அணியும் அதே சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பிறகு ஷூவைக் கையில் எடுத்து மூன்று காரியம் செய்ய வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பின்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் அது மடங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் அல்ல. ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. இந்த மூன்றிலும் தேறிய பெயர் தெரியாத ஷூ, தேறாத பெரிய பெயர் ஷூவைவிட மேலானது. புகழ்பெற்ற பெயர்களை அப்படியே அச்சடித்த போலிகள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் அடிப்பகுதி வெறும் பஞ்சாக இருக்கும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரு ஷூ ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு மூன்று கிலோமீட்டர், மாதத்துக்கு இருபது நாள் என்றால் மாதம் 60 கிலோமீட்டர். எட்டு மாதத்துக்குக் குறையாமல் வரும். மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் பசை விடாமல் இருக்கும்.

வீட்டிலேயே வலுவைக் கூட்டுதல்

நடை மட்டும் போதும் என்று நினைப்பது நம்மிடையே பரவலான தவறு. நடையால் கைகளுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வேலையில்லை. வயது ஏற ஏறத் தசை கரைவதைத் தடுக்க எடையை எதிர்த்து இயங்கும் பயிற்சி வேண்டும். இதற்குத்தான் ஜிம் என்று நினைக்கிறோம். ஆனால் நம் தாத்தாக்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தது வீட்டுத் திண்ணையில்தான், கர்லாக்கட்டையைத் தவிர அவர்களிடம் வேறு கருவி இருந்ததில்லை.

தண்டாலிலிருந்து தொடங்குவோம். தரையில் எடுக்க முடியாதவர்கள் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்கு இரண்டரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, குதிகாலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்தபடி முகம் சுவரை நெருங்கும்வரை முழங்கையை மடக்கி, பிறகு தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். 15 முறை சிரமமின்றி வந்ததும் சுவரிலிருந்து சமையல் மேடைக்கும், அங்கிருந்து படிக்கட்டின் மூன்றாவது படிக்கும், அங்கிருந்து முதல் படிக்கும், கடைசியாகத் தரைக்கும் இறங்கலாம். கை ஊன்றும் இடம் தாழத் தாழக் கைகள் தாங்கும் எடை கூடும். ஜிம்மில் தட்டுகளை ஏற்றுவதற்குச் சமமான வேலை இது. சுவரிலிருந்து தரைக்கு வந்துசேர எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. இடுப்பு தொங்கிப்போனாலோ முதுகு வளைந்தாலோ ஒரு படி மேலே திரும்பிவிட வேண்டும்.

பஸ்கிக்கு முன்பாக, மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியைச் செய்யுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று வரை எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பலன் இறங்குவதிலும் இருக்கிறது. அது எளிதானதும் நாற்காலியை எடுத்துவிட்டு, பிறகு ஒரு பள்ளிப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் பொட்டலமாகக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு செய்யலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதும் இதே வகைப் பயிற்சிதான். சாப்பாட்டு மேசை வந்த பிறகு நாம் இழந்தவற்றில் அதுவும் ஒன்று.

இழுக்கும் பயிற்சிதான் வீட்டில் அமைவது கடினம், ஆகையால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கணினிமுன் கூனி உட்காருபவர்களுக்குத் தண்டாலைவிட இதுதான் அவசியம். பஞ்சர் கடையில் தேறாத சைக்கிள் டியூபைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அல்லது பத்து இருபது ரூபாய் கேட்பார்கள். அதை நன்றாகக் கழுவி, வால்வு உள்ள பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சுவரில் உறுதியாகப் பதிந்த ஜன்னல் கம்பியில் சுற்றி, இரு நுனிகளையும் கைக்கொன்றாகப் பிடித்து, முழங்கை விலாவை உரசும்படி பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் இரண்டு விநாடி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அறுந்தால் நேரே முகத்தில் அடிக்கும். கதவின் மேல்சட்டத்திலோ தண்ணீர்க் குழாயிலோ தொங்க வேண்டாம்.

சுமப்பதற்குத் தண்ணீரைப்போல மலிவான எடை கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே புட்டியில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இரண்டு வாளிகளில் பாதிப் பாதி தண்ணீர் எடுத்து, தோளைத் தூக்காமல், நிமிர்ந்து, கூடத்தில் முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் நடந்தால் கைப்பிடி, முன்கை, முதுகு, வயிறு எல்லாவற்றுக்கும் வேலை கிடைக்கும். முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதையும் பயிற்சியாகவே எண்ணிச் செய்யுங்கள்: இடுப்பில் குனியாமல் முழங்காலை மடக்கி அமர்ந்து, கேனை உடலோடு அணைத்து, காலின் பலத்தால் எழ வேண்டும், தூக்கியபடியே உடலை முறுக்கக் கூடாது. முதுகுப் பிடிப்பு ஏற்கெனவே உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

இந்த நான்கையும், ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று செய்தால் 20 நிமிடம் ஆகும்; சுமக்கும் நடைக்கு மட்டும் எண்ணிக்கைக்குப் பதில் நேரக் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முடிக்கும்போது இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்ற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், வாரத்தில் மூன்று நாளாவது, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடப்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளையும் சேர்க்க வேண்டும்.

ஸ்கிப்பிங் கயிற்றைப் பலர் முதல் நாளே வாங்குகிறார்கள். வன்பொருள் கடையில் வாங்கும் சாதாரணக் கயிறே போதும். அதன் நடுவில் மிதித்து நின்றால் இரு நுனியும் அக்குள்வரை வர வேண்டும், அதுதான் சரியான நீளம். ஆனால் குதிப்பது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் கடினமான வேலை. இரண்டு மாத நடைக்குப் பிறகு, ஷூ போட்டுக்கொண்டு, 20 விநாடி குதித்து 40 விநாடி ஓய்வு என்று தொடங்குங்கள். உடல் எடை அதிகமாக உள்ளவர்கள் படிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழ் வீட்டில் குடியிருப்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூலையில் நிற்கும் சைக்கிள்

அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பதினொன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை உள்ள வீடுகளில், இலவசமாகக் கொடுத்த சைக்கிள் ஒன்று மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்பதுண்டு. இரண்டு டியூப், பிரேக் கட்டை, சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய், இவ்வளவில் அது ஓடத் தொடங்கிவிடும். சீட்டின் உயரத்தை மட்டும் கட்டாயம் சரிசெய்யுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் மிதித்துவிட்டுச் சைக்கிளால் மூட்டுவலி வந்தது என்பார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் அதிலேயே போய்வந்தால் பெட்ரோல் காசு மிஞ்சும். அந்தக் காசே ஷூவுக்கு ஆகும்.

தனியாகச் செய்வது அலுத்துப்போகும் இயல்புடையவர்கள் விளையாட்டைத் தேடலாம். ஊருக்கு ஊர் மாலையில் வாலிபால் ஆடும் இடம் ஒன்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் ஷட்டில் ஆடுவார்கள்; பந்துக்கும் வலைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும்.

வெயில், மழை, சாப்பாடு

மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் வெளிப்பயிற்சியை முடித்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது; மதுரையில் தாங்கிய நடையைச் சென்னையில் அதே வேகத்தில் தாங்க முடியாமல் போகலாம். தலை சுற்றினால், குமட்டினால், நிழலில் உட்கார்ந்து கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட வேண்டும்; உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விளம்பரத்தில் வரும் வண்ணப் பானங்கள் அரைமணி நடைக்குத் தேவையே இல்லை. தண்ணீர் போதும், நன்றாக வியர்த்த நாளில் நீர்மோரோ நீராகாரமோ குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், பலருடைய பழக்கம் அறுந்துபோகிறது. மழை பிடித்த நாளில் என்ன செய்வது என்பதை மழை வருமுன்பே முடிவுசெய்துவிடுங்கள்: வலுப் பயிற்சி ஒரு சுற்று, படிக்கட்டு பத்து நிமிடம். தேங்கிய தண்ணீரில் நடக்க வேண்டாம், திறந்த சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் அடியில் தெரியாது.

புரதப் பொடி வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு, முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவை இந்த அளவுப் பயிற்சிக்குத் தாராளம். மதியச் சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையும் காயையும் ஒரு கரண்டி கூட்டினாலே போதும்.

கணக்கும் இடைவெளியும்

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே நடந்த நாளுக்கு ஒரு கோடும், வலுப் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு வட்டமும் போடுங்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அது தொங்குவதால் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். ஊருக்குப் போவது, கல்யாணம், காய்ச்சல் என்று இடைவெளி வரத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து பாதி நேரத்தில் தொடங்குங்கள். ஒரு மாதம் விட்டுப்போனால் இரண்டாம் வார அளவுக்குத் திரும்புங்கள். காய்ச்சலின்போது பயிற்சி கூடாது; அது விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மெதுவான நடையில் தொடங்க வேண்டும். தசையில் வரும் மந்தமான வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், அதற்காக நிறுத்த வேண்டாம். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், நெஞ்சிலிருந்து இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் இறுக்கம் ஆகியவை வேறு வகை. கடைசியாகச் சொன்னது வந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

மூன்று மாதக் காலண்டர் தாளில் கோடுகள் நிறைந்த பிறகும் ஜிம்முக்குப் போக ஆசை இருந்தால், தாராளமாகப் போகலாம். உங்களுக்கு ஒத்துவரும் அதே நேரத்தில் நேரில் போய், அந்த நேரத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், சொல்லிக்கொடுப்பவர் இருக்கிறாரா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று பாருங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.